தொற்றுக் காலத்தில் தெருவும் மனசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020, 2021 கொரோனா நாட்களில் சென்னையிலும் பக்கத்து மாவட்டங்களிலும் தெரு அளவில் உதவிக்கு ஓடியவர்களிடம் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் அந்த வேலையில் இருந்தேன். கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அறிவித்துவிட்டது, ஆனால் கேள்விகள் முடியவில்லை. எங்கோ புது வைரஸ் என்று டிவியில் ஒரு வரி ஓடினால் போதும், அதே பயம் திரும்ப வந்துவிடுகிறது. பதில்களில் மருத்துவர்கள் சொன்னதும் இருக்கிறது, என் அபிப்பிராயமும் இருக்கிறது.

அவசர எண்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416. கடைசியாகச் சொன்னது டெலிமானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி சேவை. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

உயிர் பிழைப்பதே பெரும்பாடாக இருக்கும்போது மனநலத்தைப் பற்றி எல்லாம் பேச வேண்டுமா?

வேண்டும். உடம்பும் மனசும் அந்த நாட்களில் தனித்தனியாகப் பாதிக்கப்படவில்லை. காய்ச்சல் முகாம் தெருமுனைக்கே வந்தும், பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் வீட்டு வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள், ஊர் ஒதுக்கிவிடும் என்ற பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் நிறைய பேர். அப்படி மறைத்தவர்களில் சிலர் மூச்சு முட்டிய பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார்கள். பயம்தான் அவர்களைத் தாமதப்படுத்தியது. தொற்றின் முதல் வருஷத்தில் மட்டும் உலக அளவில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது.

ஆனால் மன ஆதரவு என்றதும் ஒரு ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து பேசுவதை மட்டும் நினைக்காதீர்கள். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்குக் கொடுத்த 1,000 ரூபாய், 2021இல் இரண்டு தவணையாகக் கொடுத்த 4,000 ரூபாய், ஊரடங்கின்போது அம்மா உணவகங்களில் கிடைத்த சாப்பாடு, இதெல்லாம்தான் பல வீடுகளில் ராத்திரி தூக்கத்தைக் கொண்டுவந்தது. நாளைக்கு அடுப்பு எரியுமா என்று தெரியாமல் இருப்பவரிடம் போய் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் அரிசியும் மாத்திரையும் போய்ச் சேரட்டும், அப்புறம் பேச்சு. அல்லது இரண்டையும் ஒரே ஆள் கொண்டுபோகட்டும், அதுதான் இன்னும் நல்லது.

பக்கத்து வீட்டில் ஒருவர் தனிமைப்படுத்தப்பட்டிருக்கிறார். நான் என்ன செய்ய முடியும்?

நிறைய செய்யலாம், அதில் பெரும்பாலானவற்றுக்குப் பணமோ படிப்போ தேவையில்லை. எங்கள் அனுபவத்தில் மிக நன்றாக வேலை செய்தது ஒரே ஒரு ஏற்பாடுதான்: ஒரு வீட்டுக்கு ஒரே ஆள், தினமும் ஒரே நேரத்தில் போன் பண்ணுவது. பத்து பேர் பத்து தடவை கூப்பிட்டு "இப்போ எப்படி இருக்கு" என்று கேட்டால் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு அது தொல்லை, எல்லோருக்கும் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே ஆள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவார் என்று தெரிந்தால் அந்த நாளுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது, தனியாக இருப்பவர் அந்த நேரத்துக்காகக் காத்திருக்கிறார். நேற்று எப்படி இருந்தது என்று அந்த ஒரு ஆளுக்குத் தெரியும், அதனால் குரல் மாறினால், பேச்சு தடுமாறினால், ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் உடனே பிடித்துவிடுவார்.

அப்புறம் வாசலில் வைக்கும் பொருட்கள். பால், காய்கறி, மாத்திரை வாங்கி வைத்துவிட்டு மணியடித்துத் தள்ளி நில்லுங்கள், அவர் எடுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். முகத்தைப் பார்ப்பது முக்கியம். பொருளை வைத்துவிட்டு ஓடினால் அவர் மனசில் என்ன தங்கும் என்று யோசித்துப் பாருங்கள். குப்பை எடுப்பது, கேன் தண்ணீர் வருவது, கேஸ் சிலிண்டர் இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்; அவர்களாகச் சொல்லக் கூச்சப்படுவார்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் "ஒண்ணும் வேணாம்" என்றுதான் பதில் வரும். "நான் கடைக்குப் போறேன் அக்கா, தக்காளியா கத்திரிக்காயா, எது வாங்கட்டும்?" என்று கேளுங்கள், உடனே பதில் வரும்.

போனில் என்ன பேசுவது? தப்பாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பேரிடர் நேரத்தில் மனதுக்குத் தரும் முதலுதவி என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் சாரம் மூன்று வேலைகள்: கவனித்துப் பார், காதுகொடுத்துக் கேள், தேவையான இடத்தோடு இணைத்துவிடு. இதில் ஆறுதல் சொல்லு என்று தனியாக ஒரு வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்பதை நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்திக்கொள்கிறார், ஏனென்றால் அவர் பயத்தைச் சொல்ல இனி இடமில்லை. அதற்குப் பதிலாக "எதை நினைச்சு ரொம்ப பயமா இருக்கு?" என்று கேளுங்கள். பதில் நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது. சாவைப் பற்றிப் பயம் என்று நினைப்போம். அவர் சொல்வது மாடு கறக்க ஆள் இல்லை, மகளுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டவில்லை, வாடகை மூன்று மாசம் பாக்கி என்பதாக இருக்கும். அவற்றில் பாதிக்கு வழி பண்ணிவிடலாம். மீதிக்குக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். அழுதால் அழவிடுங்கள், பேச்சை மாற்றாதீர்கள். அதே நோயில் வேறு யாரோ இறந்த கதையைச் சொல்லாதீர்கள். செய்ய முடியாததைச் செய்வேன் என்று சொல்லவே கூடாது, குறிப்பாக மருத்துவமனையில் படுக்கை வாங்கித் தருகிறேன் என்ற மாதிரி வாக்குறுதி.

மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது. இது பயமா, நோயா?

ராத்திரி இரண்டு மணிக்கு வரும் கேள்வி இது. 2021 மே மாதம் சென்னை அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்ற படங்களைப் பார்த்த எவருக்கும் ராத்திரியில் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அந்த மே 21ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது, இங்கே பதிவான உச்சம் அதுதான்.

பதற்றத்தில் வரும் மூச்சுத்திணறல் திடீரென்று வரும், சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் அப்புறம் மெதுவாக இறங்கும், கூடவே விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். நுரையீரல் பாதிப்பில் வருவது பெரும்பாலும் நாளுக்கு நாள் கூடும், கழிவறை வரை நடந்தாலே அதிகமாகும். ஆனால் இந்த வித்தியாசத்தை மட்டும் நம்பி முடிவு எடுக்க வேண்டாம், ஏனென்றால் கொரோனாவில் ஆக்சிஜன் இறங்கிய பிறகும் சிலருக்கு மூச்சு முட்டுவதே தெரியவில்லை. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் பாருங்கள். உட்கார்ந்து கையைச் சூடாக்கிக்கொண்டு, நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். 94 அல்லது அதற்கு மேல் என்றால் லேசான நிலை, 90 முதல் 93 வரை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம், 90க்குக் கீழே என்றால் தீவிரம், 108ஐக் கூப்பிடுங்கள். இது கொரோனாவுக்கு இந்தியாவில் பின்பற்றப்பட்ட அளவு. நம்மில் பலருக்குப் பொருந்தும் ஒரு விஷயம்: கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையான அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால் எண் 94, 95 என்று இருந்தும் ஆள் சோர்ந்து போகிறார், உதடு நீலம் பாய்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

எண் நன்றாக இருந்து பதற்றம்தான் என்று தெரிந்தால், மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கச் சொல்லுங்கள். நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. போனில் நீங்களும் கூடவே எண்ணுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பது பயத்தைக் கூட்டும். நிலைமை மாறாத வரை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதுமா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

தொற்று வந்த வீட்டை ஒதுக்கிவைக்கிறார்கள். இதை எப்படிக் கையாள்வது?

நாம் அந்த நாட்களில் செய்த மிகப் பெரிய காயம் இதுதான் என்று நினைக்கிறேன். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியது. டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமிய அமைப்பின் மாநாட்டுக்குப் போய்வந்தவர்களில் தொற்று தெரியவந்ததும் ஒட்டுமொத்த முஸ்லிம்களையும் சந்தேகமாகப் பார்த்தார்கள், காய்கறி விற்கிறவரைக்கூட தெருவுக்குள் விடாத இடங்கள் இருந்தன. மே மாதம் கோயம்பேடு சந்தையில் பரவியபோது அங்கே மூட்டை தூக்கிய கூலித் தொழிலாளிகள் அரியலூர், கடலூர், விழுப்புரம் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். ஊரில் அவர்களுக்கு "கோயம்பேடு" என்பதே பட்டப்பெயர் ஆனது.

தொற்று வந்தவரின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டுவது தேவையில்லை, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் தனியாக உத்தரவு இருந்தால் மட்டுமே ஒட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லிவிட்டது. அதனால் யாராவது சங்கத்தின் பேரில் பலகை மாட்ட வந்தால் தைரியமாகக் கேள்வி கேளுங்கள். அதைவிட முக்கியம், தெருவில் மதிப்புள்ள ஒருவர், வாத்தியாரோ மளிகைக்கடை அண்ணாச்சியோ கோயில் பூசாரியோ, எல்லோரும் பார்க்க அந்த வீட்டு வாசலில் முகக்கவசத்தோடு நின்று பேசுவது. அது ஆயிரம் துண்டறிக்கைக்கு ஆகாத வேலையைச் செய்யும். வாட்ஸ்அப் குழுவில் தொற்று வந்தவர் பெயரைப் போடக் கூடாது என்று முதல் நாளே கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். குணமாகி வந்தவரை ஆரத்தி எடுத்து, வீடியோ பிடித்து வரவேற்க வேண்டும் என்றும் இல்லை, பலருக்கு அது கூச்சம். வழக்கம்போல "என்ன மாமா, காப்பி ஆச்சா" என்று கேட்டாலே போதும்.

அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காரியமும் முறையாகச் செய்யவில்லை. அந்தக் குற்ற உணர்வு போகவில்லையே?

இந்தக் கேள்வியை எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லி முடியாது. நம் ஊரில் சாவு ஒரு வீட்டின் சமாச்சாரம் இல்லை. சொந்தம் எல்லாம் வந்து இறங்கும், பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள், பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும், பதினாறாம் நாள் வரை யாராவது ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கொரோனாவில் இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று வரம்பு வந்தது, மருத்துவமனையில் இறந்தவரைப் பையில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள், குளிப்பாட்ட முடியவில்லை, வாய்க்கரிசி போட முடியவில்லை. முஸ்லிம் வீடுகளில் இறந்தவர் உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி போர்த்த முடியாத வேதனை. பல ஊர்களில் இஸ்லாமிய இளைஞர்கள் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு எல்லா மதத்தவரையும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள், தகனம் செய்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர்கள்தான்.

நீங்கள் செய்யாமல் விடவில்லை, உங்களைச் செய்யவிடவில்லை. இதை ஒரு தடவை சொன்னால் மனசு ஏற்காது, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டும், பிறர் சொல்லியும் கேட்க வேண்டும். விட்டுப்போன சடங்கை இப்போதும் செய்யலாம். வருஷ திதியன்று சொந்தங்களைக் கூப்பிட்டுப் படையல் போட்ட வீடுகள் உண்டு, அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டு அழுதார்கள். தேவாலயத்தில் நினைவுத் திருப்பலி, பள்ளிவாசலில் துஆ, பெரியார் வழி வீடுகளில் படத்திறப்பு, எது உங்கள் வழக்கமோ அது. அப்போது துக்கம் கேட்கப் போக முடியாதவர்களுக்கும் சொல்கிறேன்: இப்போது போங்கள். இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்று தயங்காதீர்கள். அந்த வீட்டில் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வருஷம் தாண்டியும் தினமும் அதே கனத்தோடு இருக்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை, இறந்தவர் திரும்பி வருவார் என்றே மனசு சொல்கிறது என்றால் அது நீண்ட துயர நிலை, அதற்குச் சிகிச்சை இருக்கிறது. பலவீனம் என்று நினைத்து உட்கார்ந்துவிட வேண்டாம்.

பண விஷயத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். கொரோனா மரணத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணமும், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தையின் பேரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், ஒருவரை இழந்த குழந்தையின் குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாயும் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்டன. துயரத்தில் இருப்பவரால் இந்தக் காகிதங்களைத் தேடி அலைய முடியாது. விண்ணப்பம் எழுதிக்கொடுத்துக் கூடவே போய் வந்தவர்கள் செய்தது பெரிய மன ஆதரவு.

வீட்டுக்காரர் தினமும் குடிப்பவர். கடை மூடிவிட்டால் என்ன செய்வது?

இதைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், கடை மூடினால் நல்லதுதானே என்று. 2020 மார்ச் 24 முதல் டாஸ்மாக் மூடியபோது கைநடுக்கம், வலிப்பு என்று மருத்துவமனைக்கு வந்தவர்கள் உண்டு, சவரத்துக்குப் பின் பூசும் திரவத்தையும் வார்னிஷையும் குடித்து உயிரை விட்டவர்களும் உண்டு. நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே வியர்வை, நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும், சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார்கள். இந்தக் கடைசி நிலையில் உயிருக்கே ஆபத்து. பேய் பிடித்தது, மந்திரிக்க வேண்டும் என்று நேரம் கடத்தாமல் 108இல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கைவசம் இருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்துப் படுக்கவைக்கவும் கூடாது. மருத்துவமனையில் நடுக்கத்துக்கு மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள், ஒரு வாரத்தில் பெரும்பாலும் தெளிந்துவிடும். குடியை விட ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

சானிடைசர் குடித்துவிட்டார் என்றால் அதில் மெத்தனால் இருக்கக்கூடும், கண் போய்விடும், ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

வீட்டிலேயே அடி, உதை. வெளியேயும் போக முடியவில்லை. போனில் பேசவும் முடியாது.

பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, காவல்துறைக்கு 100 அல்லது 112. ஆனால் அடிப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் எந்த எண்ணும் உதவாது, அதனால் முன்கூட்டியே ஒரு தோழியோடு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். "தோசை மாவு இருக்கா" என்று செய்தி வந்தால் நீ உடனே போலீஸைக் கூப்பிடு என்ற மாதிரி. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் அது அவங்க குடும்ப விஷயம் என்று இருந்துவிடாதீர்கள். சர்க்கரை கேட்கிற மாதிரி கதவைத் தட்டினாலே அந்த நேரத்து அடி நின்றுபோகும்.

குழந்தைகளிடம் எவ்வளவு சொல்லலாம்?

உண்மையை, அவர்கள் வயதுக்குப் புரியும் அளவில். தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தால் குழந்தை தினமும் வாசலைப் பார்க்கும். அப்புறம் நிஜம் தெரியும்போது யாரையும் நம்பாது. ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட "தாத்தா இறந்துட்டார், இனிமே வரமாட்டார், நாங்க உன்கூட இருக்கோம்" என்ற மூன்று வாக்கியம் புரியும்.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. அந்த இடைவெளியில் பாடம் மட்டும் போகவில்லை. சத்துணவு, விளையாட்டு, வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு டீச்சர், எல்லாம் போயிற்று. படுக்கையை நனைப்பது, காரணமில்லாமல் வயிற்றுவலி, அம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்வது, இதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் பயம் பேசும் விதம். அதற்கு அடிக்கக் கூடாது. அந்தச் சமயத்தில் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தெருவிலேயே ஒரு அக்கா சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டும் கதையும் நடத்தியது எனக்குப் பாடத்தைவிடப் பெரிய நன்மையாகப் பட்டது. அடுத்த தடவை பள்ளி மூடும் நிலை வந்தால் அந்த மாதிரி நாலைந்து பிள்ளைகள் கொண்ட சின்னக் குழுவை, திறந்த வெளியில், முதல் மாதத்திலிருந்தே நடத்த வழி தேட வேண்டும்.

தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு?

அவர்களுக்கு முதலில் தீர்ந்துபோவது பிரஷர், சர்க்கரை மாத்திரைதான். மாத்திரை சரியாகப் போனால் பாதிப் பதற்றம் குறைகிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள், பிசியோதெரபியும் உண்டு. உங்கள் பகுதி செவிலியரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. வெளிநாட்டில் இருக்கும் மகன், மகள்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீடியோ அழைப்பில் "வெளியே போகாதே, அதைத் தொடாதே" என்று மட்டும் பேசாமல், ரசத்துக்கு என்ன அளவு என்று கேளுங்கள், பழைய கதை கேளுங்கள்.

குணமாகி மாதக்கணக்கில் ஆகிறது. இன்னும் அசதி, மறதி. என் கற்பனையா?

கற்பனை இல்லை. கொரோனாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் அசதி, மறதி, தூக்கக் குறைவு, படபடப்பு தொடர்வது பலருக்கு நடந்தது. ஒரேயடியாகப் பழைய வேகத்துக்குத் திரும்ப முயலாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சோம்பேறி என்று சொல்லாமல் இருந்தால் அதுவே பாதி மருந்து.

சாக வேண்டும்போல இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். அதைப் பற்றிப் பேசினால் எண்ணம் அதிகமாகிவிடாதா?

ஆகாது. நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா?" கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை, கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்ற நிம்மதிதான் வருகிறது. திட்டம் இருக்கிறது என்று சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, அதிகப்படி மாத்திரைகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த மோசமான நேரம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் கடந்துபோகிறது, கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லையென்றால் ஆள் பிழைத்துக்கொள்கிறார். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதி கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஒரு பொது இடத்தில் ஆளுக்கொரு பெட்டியில் பூட்டி வைக்கும் முயற்சியை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்தார்கள், பலனும் தெரிந்தது. அவர் 1986இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050. 14416, 104 ஆகிய எண்களிலும் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது.

மனநல மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்? செலவாகுமே?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பசியில்லை, பிடித்த எதிலும் மனம் போகவில்லை, வேலை ஓடவில்லை என்றால் போக வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். சென்னைக்காரர்களுக்கு கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது, 1794இலிருந்து நடப்பது. அங்கே போனால் பைத்தியம் என்பார்கள் என்ற பேச்சுக்காக ஒருவர் வருஷக்கணக்கில் தூங்காமல் இருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊரடங்கு என்றாலும் நிறுத்தவே கூடாது.

தன்னார்வலர்களாகிய நாங்களே ஓய்ந்துபோகிறோம். எங்களை யார் பார்ப்பது?

நியாயமான கேள்வி. 2020இல் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்தவர்கள், தூய்மைப் பணியாளர்கள், செவிலியர்கள், சுடுகாட்டில் வேலை பார்த்தவர்கள் இவர்களைக் கைதட்டிப் பாராட்டினோம், ஆனால் ராத்திரி வீட்டுக்குப் போய் எப்படித் தூங்கினார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. தூய்மைப் பணியாளருக்கு ஒரு மரியாதையான குடிதண்ணீரும் கழிவறையும் நேரத்துக்குச் சம்பளமும் கிடைத்தால் அதைவிடப் பெரிய மனநல உதவி எதுவும் இல்லை.

குழுவாக வேலை செய்கிறவர்கள் ஒருவர் ஐந்து வீட்டுக்கு மேல் எடுக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் போனை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு முழுதாக ஒதுங்குங்கள். நீங்கள் கவனித்த வீட்டில் ஒரு மரணம் நடந்தால் அன்றைக்கே உங்கள் குழுவில் இருவர் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசிவிடுங்கள், அடுத்த வீட்டுக்கு உடனே ஓடாதீர்கள். படுக்கை கிடைக்கவில்லை, ஆக்சிஜன் கிடைக்கவில்லை என்பதற்கு நீங்கள் காரணம் இல்லை.

அடுத்த தொற்று வருவதற்குள் தெருவில் என்ன தயாராக வைத்திருக்கலாம்?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும், தொடங்கிவிடலாம். தனியாக இருக்கும் வயதானவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் போகிறவர்கள், மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களில் விருப்பம் உள்ளவர்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் அறைகள் (அவர்கள் மொழி பேசத் தெரிந்த ஒருவரின் எண்ணோடு), தினக்கூலி வீடுகள். எந்த வீட்டுக்கு யார் போன் பண்ணுவது என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள், அப்போது தேட வேண்டியதில்லை. இந்த நோட்டு ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். தெருவுக்கு இரண்டு ஆக்சிமீட்டர், மின்கலத்தோடு. பகுதிச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை ஊழியர், ஒரு ஆட்டோக்காரர், சுடுகாட்டு அலுவலகம் இவர்களின் எண்கள். வதந்தி வந்தால் யாரிடம் கேட்டு உறுதி செய்வது என்று ஒரு ஆள்; முடிந்தால் ஊரில் பிறந்து வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு மருத்துவரோ செவிலியரோ. வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் கூட்டத்திலோ ஊர்க் கூட்டத்திலோ நோட்டைத் திறந்து, இறந்தவர், குடிபெயர்ந்தவர், புதிதாக வந்தவர் எல்லாம் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.